மைக்கை நிறுத்தாத மாலிக் பாய்

என் அத்தா அப்துல் மாலிக் நாற்பது வருடங்களாக மற்றவர்கள் பேசுவதற்கு மைக் கட்டினார். தான் அதில் பேசியதில்லை. கூட்டம் தொடங்கும் முன் மேடையேறி மைக்கை விரலால் இரண்டு முறை தட்டுவார், "ஹலோ" என்பார், அவ்வளவுதான். மற்ற மைக் செட்டுக்காரர்கள்போல் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, வாயை வைத்து ஊதிப் பார்ப்பது எதுவும் கிடையாது. ஊதினால் எச்சில் தெறிக்கும், அடுத்து வந்து பேசுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்பார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மைக்கின் தலையைத் துடைத்துவிட்டுக் குனிந்தபடியே இறங்கி வருவார். மேடையில் நிமிர்ந்து நடந்தால் யாரையாவது மறைத்துவிடுவோம் என்று அவருக்கு ஒரு கூச்சம்.

முல்லா வீதியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. மாலிக் சவுண்ட் சர்வீஸ் என்று பச்சை எழுத்தில் பலகை. பள்ளிவாசல் விழா, மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றுவது, மாதா கோயில் தேர், கல்யாணம், காதுகுத்து, இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் செட்டு போகும். கட்சிக் கூட்டங்களுக்கும் போகும். திங்கட்கிழமை ஒரு கட்சி திட்டிப் பேசுவதும் புதன்கிழமை இன்னொரு கட்சி அதற்குப் பதில் சொல்வதும் ஒரே மைக்கில் நடக்கும். நடுவில் செவ்வாய்க்கிழமை அத்தா அதைத் துடைத்து வைப்பார்.

அவருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. நான் பிறப்பதற்கு முன் அரியாங்குப்பத்தில் ஒரு தேர்தல் கூட்டம். சுயேச்சையாக நின்ற ஒரு தையல்காரர் பேசிக்கொண்டிருந்தார். கேட்க இருபது பேர்கூட இல்லை. அப்போது பெரிய கட்சிக்காரர் ஒருவர் நான்கு பேரோடு வந்து, மைக்கை நிறுத்தச் சொன்னார். "மைக் குடுத்தா குடுத்ததுதாண்ணே. அவரு பேசி முடிச்சாத்தான் எடுப்பேன்" என்று அத்தா சொன்னாராம். இடது காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. அந்தக் காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. தையல்காரர் பேசி முடித்தார், தோற்றுப்போனார். மாலிக் பாய் மைக்கை நிறுத்த மாட்டார் என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

கடைக்கு வருகிறவர்கள் இதை வைத்தே அவரைச் சீண்டுவார்கள். "ஏன் பாய், வீட்டுல அம்மா பேசினாலும் நிறுத்த மாட்டீங்களாமே?"

"அந்த மைக்குக்கு சுவிட்சே வெக்கலப்பா" என்பார் அத்தா. உள்ளேயிருந்து அம்மா, "எனக்கு எல்லாம் கேக்குது" என்பாள்.

நான் அவருடைய ஒரே பெண். தமிழும் ஆங்கிலமும் ஒழுங்காகப் படிக்க வைத்தார். ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். அதிகம் பேசுகிறவள் இல்லை. நாள் முழுக்கப் பேச்சுச் சத்தம் விற்கிற வீட்டில் பேசாமல் ஒருத்தி இருந்தால் நல்லதுதான் என்று அத்தா சொல்வார்.

சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஏதோ ரசாயனத் தூள் செய்கிறார்கள். அதன் மக்கள் தொடர்பு வேலையைப் பார்த்தவர் ஹரிகிருஷ்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள். கடைக்கு வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறுவார். கம்பெனி ஆண்டு விழாவுக்கு எங்கள் செட்டைத்தான் கூப்பிட்டார். பிறகு பள்ளிக்கூடப் பை வழங்கும் விழா, கண் சிகிச்சை முகாம், ஆம்புலன்ஸ் கொடுக்கும் விழா. எல்லா விழாவிலும் தொகுதியின் முக்கியஸ்தர்கள் மேடையில் இருந்தார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசம் அந்த மேடையில் கிடையாது. நாற்காலிக்கு மட்டும் லேசாகச் சண்டை வரும்.

அதற்கு அடுத்த தேர்தலில் ஒரு விஷயம் நடந்தது. வழக்கமாகக் கட்சிக் கூட்டம் முடிந்தால் அத்தா பணத்துக்காக மாதக் கணக்கில் கட்சி ஆபீசுக்கு நடப்பார். அந்த முறை ஒரு கட்சியின் வட்டச் செயலாளர், "பில்ல ஹரி சார்கிட்ட குடுத்துடு பாய்" என்றார். நான்கு நாள் கழித்து எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொன்னார். மூன்றாவது கட்சியின் ஆள் சொல்லக்கூட இல்லை. ஹரிகிருஷ்ணனே போன் செய்துவிட்டார். மூன்று பேருக்கும் மேடை, விளக்கு, மைக் எல்லாம் அவர் வழியாகத்தான்.

அன்று சாப்பிடும்போது அத்தா சிரித்தார். "மேடையில ஒருத்தன ஒருத்தன் கிழிக்கிறானுங்க. பில்லு மட்டும் ஒரே வீட்டுக்குப் போவுது. நமக்கு அலைச்சல் மிச்சம், என்ன ஃபரீஹா?"

நானும் சிரித்தேன். மூன்று பேருக்கும் ஒருவரே செலவு செய்தால் ஜெயிப்பது யாராக இருந்தால் அவருக்கென்ன என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அதை நான் சொல்லவில்லை. அத்தா மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் புதிய மிக்ஸர் ஒன்று வாங்கியிருந்தார். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தார்.

போன வருடம் கம்பெனி இரண்டாவது ஆலை கட்ட முடிவு செய்தது. அதற்கு முன் சுற்றியுள்ள ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ஓர் அதிகாரி தலைமை வகிப்பார், யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், முழுவதையும் வீடியோ எடுப்பார்கள், அந்தப் பதிவு அனுமதி கொடுக்கும் குழுவுக்குப் போகும். ஊர்க்காரர்கள் சட்டப்படி வாய் திறக்கிற ஒரே நாள் அது. சேதராப்பட்டு சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். மைக் எங்களுடையது. ஆலையைப் பற்றிய அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஹரிகிருஷ்ணன் கேட்டார். "பாப்பாவே படிக்கட்டுமே பாய். ரெண்டு பாஷையும் சுத்தமா வருது." நான் ஒப்புக்கொண்டேன்.

காலையில் மண்டபத்துக்குப் போனோம். அத்தா ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள்களைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹரிகிருஷ்ணன் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றை எனக்கும் ஒன்றை அத்தாவுக்கும் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"பாய், இன்னிக்கு ஒரு அம்மா பேசும். தனக்கொடின்னு."

"தெரியாதா? அவங்க பொண்ணு பூர்ணிமா கல்யாணத்துக்கு நான்தான் கட்டினேன். அந்த ஊரு கூழுக்கு வருஷா வருஷம் நம்ம செட்டுதான்."

"அதான். நல்ல அம்மாதான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அதிகாரிக்கு முன்னாடி எதையாவது பேசிவெச்சா அது அப்படியே டெல்லி வரைக்கும் போவும்."

"மைக்க நிறுத்த மாட்டேன் தம்பி."

"ஐயோ, உங்கள நிறுத்தச் சொல்வனா? உங்களப் பத்தித் தெரியாதா எனக்கு? நிறுத்தவே வேணாம். அந்தம்மா பேசறப்ப லேசா ஊளையிட்டாப் போதும். மெஷினுதானே. மெஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும்."

"நம்ம செட்டு ஊளையிடாதுப்பா."

"ஊருக்கே தெரியும். அதனாலதான் பாய், அது ஊளையிட்டாலும் யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." டீ டம்ளரைத் தரையில் வைத்தார். "தேர்தல் வரப் போவுது. மூணு பேரும் வந்து, யாரு செட்டு வெக்கலாம்னு என்னத்தான் கேப்பாங்க."

அவர் எழுந்து போய்விட்டார். அத்தா என்னைப் பார்க்கவில்லை. நானும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மைக் ஊளையிடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காக அவரை நோக்கி ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வைப்பார்கள். அதன் சத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் அந்தச் சத்தமே திரும்ப மைக்குக்குள் நுழைந்து கூர்மையாகக் கத்தும். ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். பார்ப்பவர்களுக்கு மெஷின் கோளாறுபோலவே இருக்கும். வீடியோ கேமராவுக்கு மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் போயிருந்தது. மைக்கில் போகாத எதுவும் வீடியோவில் வராது.

முதலில் நான் பேசினேன். பதினோரு பக்கத்தையும் தடங்கல் இல்லாமல் வாசித்தேன். நிலத்தடி நீருக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்காது என்ற வரியையும் வாசித்தேன். எழுதியது நான் இல்லை, வாசிப்பது மட்டும்தான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு மூன்று கட்சிக்காரர்களும் பேசினார்கள். ஆளுக்கொரு விதமாகப் பேசி, மூவரும் ஆலை வேண்டும் என்று முடித்தார்கள்.

எட்டாவதாகத் தனக்கொடியை அழைத்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல். இரண்டு ஏக்கர் நிலம், அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவார். காலையில் நிலம், பகலில் டவுனில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை. குள்ளமானவர். அத்தா வழக்கம்போலக் குனிந்தபடி மேடையேறி, ஸ்டாண்டை அவர் வாய்க்குச் சரியாக இறக்கி, கைக்குட்டையால் மைக்கைத் துடைத்துக் கொடுத்தார். "பயப்படாம பேசுங்கம்மா" என்றும் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதுதான். வாய் தன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று தனக்கொடி ஆரம்பித்தார். "எங்க போருல தண்ணி முந்நூறு அடிக்குக் கீழ போயிடுச்சு. வர்ற தண்ணியும் ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. இத நான் யாருகிட்ட சொல்றது? ஓட்டு கேக்க மூணு கட்சியும் வருது. மூணும் கம்பெனி கார்லயே..."

மைக் கத்தியது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தனக்கொடி இரண்டடி பின்னால் போனார். மேடையின் ஓரத்திலிருந்து நான் அத்தாவின் கையைப் பார்த்தேன். மிக்ஸரின் மேல் இருந்தது. சத்தம் நின்றது. தனக்கொடி திரும்ப மைக்குக்கு வந்து, "கம்பெனி கார்லயே வர்றாங்க" என்றார். திரும்பவும் கத்தியது.

பின்னால் இருந்து ஒருவன், "யக்கா, உன்னப் பாத்து மைக்கே கத்துது!" என்றான். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "என்னா பாய், மைக்குக்கு ஒடம்பு சரியில்லயா?" என்று அத்தாவைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் மைக்கில் மிகத் தெளிவாக விழுந்தது.

அவர் மைக்கை விட்டு நகர்ந்து சொந்தக் குரலில் பேசத் தொடங்கினார். வயலில் கூப்பிட்டுப் பழகிய குரல். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஓட்டுப் போடறது நாங்க, பேச்சுக் கேக்கறது கம்பெனிக்கிட்டயா என்று கேட்டார். ஆனால் தலைமை வகித்த அதிகாரி கையை உயர்த்தினார். "அம்மா, மைக்ல பேசினாத்தான் பதிவாகும்." அவர் மைக்குக்கு வந்தார். கத்தியது. நான்காவது முறை கத்தியதும் அவரே கையைக் கூப்பிவிட்டு இறங்கினார். "பாதிப் பேச்சப் பதிவுல சேக்க முடியாது. எழுதிக் குடுங்கம்மா, சேத்துக்கறோம்" என்றார் அதிகாரி. தனக்கொடிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

அடுத்து ஒருவர் வந்து, பள்ளிக்கூடப் பை கொடுத்ததற்காகக் கம்பெனிக்கு நன்றி சொன்னார். ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

குட்டி யானை வண்டியில் சாமான்களோடு திரும்பினோம். அத்தா மடியில் மைக்கை வைத்துக்கொண்டிருந்தார். கோரிமேடு தாண்டியதும், "நான் நிறுத்தல" என்றார். அது என்னிடம் சொன்னதுபோல் இல்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். நிறுத்துவதைவிட இது மோசம் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது. நிறுத்தியிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துத் தனக்கொடி கடைக்கு வந்தார். கையில் ஒரு பை மல்லாட்டை, நிலத்திலிருந்து அன்று பிடுங்கியது, மண்ணோடு. கூட்டத்தின் பதிவு வந்திருந்தது. பூர்ணிமா அதைப் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள். பெண்கள் தரப்பில் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று அதில் இருந்தது.

"நான் பேசினது பொய்யா பாய்? எரநூறு பேரு கேட்டாங்க. ஆனா ஊர்க்காரன் சொன்னா செல்லாதாம். மைக் கட்டின நீங்க, இந்தம்மா பேசிச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. திரும்பக் கூட்டம் போடச் சொல்லி மனு குடுக்கறோம். உங்க பேச்ச யாரு தட்ட முடியும்?"

அத்தா நாற்காலியைத் துடைத்து அவரை உட்கார வைத்தார். அம்மா டீ கொண்டுவந்தாள். கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்துத் தரும் வேலை எனக்கு. உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தனக்கொடி பேசியதைக் கேட்டேன் என்று எழுதினேன். ஒலிபெருக்கியில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறினால் அது பதிவாகவில்லை என்று எழுதினேன்.

அத்தா வந்து பின்னால் நின்றார். நல்ல காது என் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றார்.

"அத எப்படி எழுதியிருக்க ஃபரீஹா?"

"கோளாறுன்னு."

"கோளாறுன்னு நாம எழுதலாமா?"

"வேற என்ன எழுதறது அத்தா?"

அவர் உண்மையைச் சொல்லத் தயாராக வந்து நின்றார் என்பது எனக்குப் புரிந்தது. என்னிடமிருந்து ஒரு வார்த்தைதான் எதிர்பார்த்தார். தேர்தல் ஆர்டர், புதிய மிக்ஸர், அதில் பதினோரு பக்கம் வாசித்த என் குரல், எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. "அவங்க பேசினாங்கன்னு தெளிவா இருக்கு. அவங்களுக்கு அது போதும்" என்றேன். பிரிண்டரை ஓட்டினேன். அத்தா கையெழுத்துப் போட்டார். தனக்கொடி கடிதத்தை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மல்லாட்டையை அம்மா அவித்தாள். அத்தா வாயில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

பதில் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். மூன்று கட்சிக்கும் எங்கள் செட்டுதான் என்று ஹரிகிருஷ்ணன் சொல்லியனுப்பியிருந்தார். ஒரு மத்தியானம் தனக்கொடி அந்தக் கவரோடு வந்தார். பூர்ணிமா ஊரில் இல்லையாம். பதில் ஆங்கிலத்தில் இருந்தது. "பாப்பா, நீ படிச்சுச் சொல்லு" என்று என் கையில் கொடுத்தார். முன்னறையில் அத்தா ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றரைப் பக்கம். முதலில் அதன்மேல் கண்ணை ஓட்டினேன். மறு கூட்டம் தேவையில்லை என்று முடிவு. காரணத்தை மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தார்கள். இரண்டு மொழி படித்தவளுக்கு வழியில் ஒரு பத்தியை நழுவவிடுவது பெரிய காரியமில்லை. கேட்பவருக்குத் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நழுவவிடவில்லை. தமிழில் சொன்னேன். "மனுதாரர் பேசவிடாமல் தடுக்கப்பட்டார் என்ற புகார் ஏற்கத்தக்கதல்ல. ஒலிபெருக்கி அமைத்தவரே, அது எதிர்பாராத கோளாறு என்று எழுத்துமூலம் உறுதி அளித்துள்ளார். அவருடைய கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. எனவே கூட்டம் முறையாக நடந்ததாகவே கொள்ளப்படுகிறது."

தனக்கொடிக்கு முதலில் புரியவில்லை. "நம்ம பாய் குடுத்த லெட்டரா?"

"ஆமாங்க."

"அத எனக்காகத்தானே குடுத்தாரு?"

எங்கள் கடிதத்தின் நகல் கடைசித் தாளாக இருந்தது. அவருக்கு உதவியாகக் கொடுத்த தாள் கம்பெனிக்குச் சாட்சியாக மாறி வந்திருந்தது. அதிலிருந்த கோளாறு என்ற சொல்லைத் தேடிப் போட்டவள் நான்.

அத்தா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "கோளாறு இல்ல தனக்கொடிம்மா" என்றார். "நான்தான் ஊளையிட வெச்சேன். ஹரி கேட்டாரு, செஞ்சேன்."

தெருவில் ஒரு ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். தனக்கொடி என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

"ஊர்ல நாலு பேரு சொன்னானுங்க பாய், இது ஹரி வேலையாத்தான் இருக்கும்னு. நான் அவனுங்கள நல்லாத் திட்டினேன். எவன் வேணா வெலைக்குப் போவான், எங்க மாலிக் பாயி மைக்குல எவனும் கைய வெக்க முடியாதுன்னு திட்டினேன்." அவர் குரல் ஏறவில்லை. "அந்தக் கட்சிக்காரனுங்க வெலைக்குப் போனது எனக்குப் பெருசா தெரியல. அவனுங்க எப்பவும் போறவனுங்க."

அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனக்கொடி கையைக் காட்டி நிறுத்தினார். "இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க. அதுமட்டும் போதும்."

இந்த முறை அத்தா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "நான் சொல்றத அப்படியே அடி. அழகாக்காத" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தன்று காலையில் இன்னார் வந்து இன்ன வார்த்தை சொன்னார், இன்ன திருகை நான்கு முறை திருப்பினேன், பயத்தினாலும் ஆசையினாலும் செய்தேன், தனக்கொடி அம்மாள் தண்ணீரைப் பற்றியும் ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் கம்பெனி காரில் வருவதைப் பற்றியும் பேசினார், முந்திய கடிதத்தில் கோளாறு என்று சொன்னது பொய். பொய் என்ற இடத்தில் என் விரல் நின்றது. "ஏன் நிறுத்துற?" என்றார் அத்தா.

தனக்கொடி கடிதத்தை வாங்கிக்கொண்டார். அம்மா வைத்த டீ அப்படியே இருந்தது.

மனு கொடுக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்று அந்தக் கடிதத்தை முதலில் வாங்க மறுத்தார்களாம். பிறகு வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்களாம். அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை. ஹரிகிருஷ்ணன் சண்டைக்கு வரவில்லை. போனில், "ஒடம்பப் பாத்துக்குங்க பாய். கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க" என்றார். அந்தத் தேர்தலில் எங்களுக்கு ஒரு கூட்டம்கூட இல்லை. ஒரு சுயேச்சை வந்து முன்பணம் கொடுத்தார். மறுநாளே வந்து, தப்பாக நினைக்காதீர்கள் என்று திருப்பி வாங்கிக்கொண்டு போனார். மூன்று கட்சிக்கும் கடலூரிலிருந்து வேறு செட்டு வந்தது. ஜெயித்தவர் இரண்டாவது ஆலைக்குக் கல் நாட்டினார். தோற்றவர்களும் மேடையில் இருந்தார்கள் என்று செய்தித்தாளில் படம் வந்தது.

இப்போது அத்தா ரிப்பேர் வேலை மட்டும் செய்கிறார். பழைய ஆம்ப்ளிபயர், கோயில் ரேடியோ செட்டு, யாராவது கொண்டுவந்தால் உண்டு. கடையில் யாரும் அந்தப் பழைய கிண்டலைச் செய்வதில்லை. அறை வாங்கிய கதையை யாராவது தெரியாமல் எடுத்தால் அவர் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

ஆடி மாதம் தனக்கொடியின் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பதினெட்டு வருடமாக எங்கள் செட்டு போன ஊர். இந்த வருடம் கூப்பிடவில்லை. அன்று காலை சேதராப்பட்டில் ஒரு கடைக்கு ரிப்பேர் பார்த்த பெட்டியைக் கொடுக்க வேண்டியிருந்தது. என் ஸ்கூட்டரில் அத்தாவை உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். திரும்பும்போது, "அந்த வழியா விடு" என்றார். ஊருக்குள் பிரியும் இடத்தில் தோளைத் தட்டினார். வண்டியை நிறுத்தினேன்.

வேப்ப மரத்தில் யாருடையதோ குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. தனக்கொடியின் குரல் வந்தது.

"வரிசையா வாங்க. சொம்பு எடுத்துக்கிட்டு வாங்க. இது நம்ம போர்த் தண்ணியில காய்ச்சினது இல்ல, லாரித் தண்ணியில காய்ச்சினது. பயப்படாமக் குடிக்கலாம். கொழந்தைங்களுக்கு முதல்ல ஊத்துங்க. ரோட்டுல நிக்கிறவங்களும் வாங்க, எல்லாருக்கும் இருக்குது."

அத்தா வலது காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். தனக்கொடி எங்களைப் பார்த்திருக்க முடியாது. கோயில் உள்ளே தள்ளி இருந்தது.

"ட்ரெபிள் கொஞ்சம் ஜாஸ்தி, கீச்சுனு இருக்குது" என்றார் அத்தா. பிறகு, "ஆனா நல்லாக் கேக்குது" என்றார்.

"போலாமா அத்தா? கூப்பிடறாங்களே."

அவர் இறங்கவில்லை. என் தோளில் வைத்த கையையும் எடுக்கவில்லை. தனக்கொடி இரண்டாவது முறையும் ரோட்டில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டார். நான் வண்டியைத் திருப்பினேன்.